பீடி சுற்றும் வீடுகளுக்கு ஒரு பள்ளிச் செய்திமடல்: நிகழ்வு ஆய்வு

தென்காசி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை ஒட்டிய ஒரு சிற்றூரில் உள்ள அரசு மேல்நிலைப் பள்ளி, ஆண்டுக்கு இருமுறை வெளியிட்டுவந்த பல வண்ணச் செய்திமடலை நிறுத்திவிட்டு, மாதந்தோறும் ஒற்றைத் தாளில் வரும் வேறொரு மடலைத் தொடங்கியது. அந்த மாற்றம் ஏன் நேர்ந்தது, எந்தெந்த முடிவுகள் எப்படி எடுக்கப்பட்டன, எது பலித்தது, எது இன்னும் பலிக்கவில்லை என்பதை, மடலுக்குப் பக்க அமைப்புச் செய்துகொடுப்பவன் என்ற முறையில் இங்கே பதிவு செய்கிறேன். பிள்ளைகளின் வீட்டு நிலைமையைப் பற்றிப் பேச வேண்டியிருப்பதால் பள்ளியின் பெயரையும் ஊரின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன்.

பழைய மடல் நான்கு பக்கம், பளபளக்கும் ஆர்ட் பேப்பரில் அச்சானது. முதல் பக்கத்தில் தலைமையாசிரியரின் வாழ்த்துரை. உள்ளே ஆண்டு விழா, விளையாட்டு விழா, சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தும் படங்கள். கடைசிப் பக்கத்தில் பொதுத்தேர்வில் அதிக மதிப்பெண் பெற்றவர்களின் பாஸ்போர்ட் அளவுப் படங்கள். இதைக் குறை சொல்வது எளிது. ஆனால் அது தன் வேலையைச் செய்யாமல் இல்லை. கொடையாளர்களும் முன்னாள் மாணவர்களும் கல்வித் துறை அதிகாரிகளும் அதைப் பார்த்தார்கள்; வகுப்பறைக்கு மின்விசிறியும் குடிநீர்த் தொட்டியும் வந்ததில் அதற்கும் பங்கு உண்டு. அது பெற்றோருக்கான மடலாக இருக்கவில்லை, அவ்வளவுதான். பெற்றோருக்கும் அதே மடல்தான் தரப்பட்டது என்பதில்தான் சிக்கல்.

சிக்கல் வெளிப்பட்டது பள்ளி மேலாண்மைக் குழுவின் கூட்டம் ஒன்றில். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, இக்குழுவில் நாலில் மூன்று பங்கினர் பெற்றோராகவும் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்கிறது. ஆகவே அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் பீடி சுற்றும் தாய்மார்கள். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் தரும் கல்வி உதவித்தொகை பற்றிப் பேச்சு வந்தது. 9, 10-ஆம் வகுப்புப் பிள்ளைக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய், 11, 12-ஆம் வகுப்புக்கு 3,000 ரூபாய் என்று வங்கிக் கணக்கில் நேரடியாக வந்து சேரும் தொகை அது. தேசியக் கல்வி உதவித்தொகை இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும், பதிவைப் பள்ளி சரிபார்க்க வேண்டும். தகுதியுள்ள பிள்ளைகள் பலருடைய வீட்டில் பதிவுக் காலம் முடிந்த பிறகுதான் செய்தியே தெரிந்திருந்தது. அதே பருவத்தில் வெளியான செய்திமடலில் இந்த உதவித்தொகை பற்றிய அறிவிப்பு இருந்தது. மூன்றாம் பக்கத்தில், மரம் நடு விழாப் படத்துக்குக் கீழே, ஒரு பத்தி.

படிப்பவர் யார், கேட்பவர் யார்

மடலை மாற்றுவது என்று முடிவானதும் ஆசிரியர்களில் சிலர் சொன்ன முதல் யோசனை, அறிவிப்புகளை முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்து எழுத்தைப் பெரிதாக்கலாம் என்பது. அது தேவைதான், ஆனால் போதாது. தாள் எப்படிப்பட்ட வீட்டுக்குப் போகிறது என்பதைப் பார்த்தால் காரணம் புரியும்.

பீடி சுற்றுபவருக்கு இரண்டு கையும் வேலையில் இருக்கும். மடியில் சுளகு, அதில் நனைத்து வெட்டிய இலையும் தூளும். இலையில் தூளை இட்டு உருட்டி, நுனியை மடக்கி, நூலால் கட்டும் வரை கையை எடுக்க முடியாது. கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று வருவதால், கையை எடுத்தால் வருமானம் குறையும். தந்தையர் பலர் கேரளத்தில் கட்டட வேலையிலோ, திருப்பூரிலோ, சென்னை மளிகைக் கடைகளிலோ இருக்கிறார்கள். குழுவில் இருந்த ஒரு தாய் இதை எங்களைவிடச் சுருக்கமாகச் சொன்னார்: “தாளப் புடிச்சுப் படிக்கதுக்கு ஏது நேரம் டீச்சர்? புள்ள வாசிப்பான், நான் கேட்டுக்கிடுவேன்.”

மடலின் வடிவமைப்பு முழுவதும் இந்த ஒரு செய்தியிலிருந்துதான் கிளைத்தது என்று சொல்ல வேண்டும். பெற்றோர் மடலைப் படிப்பதில்லை. பிள்ளை உரக்க வாசிக்கத் தாய் கேட்கிறார். ஆகவே மடல் கண்ணுக்காக அல்லாமல் காதுக்காக எழுதப்பட வேண்டும். அதை உரக்க வாசிப்பவர் பதினொரு, பன்னிரண்டு வயதுப் பிள்ளையாகவும் இருக்கலாம் என்பதையும் மனத்தில் வைக்க வேண்டும். செய்திமடல் வடிவமைப்பு என்றதும் நிறம், படம், எழுத்துரு என்று தொடங்குவதே வழக்கம். என் தொழிலும் அதுதான் என்றாலும், இந்த மடலில் பெரிய வடிவமைப்பு வேலை வாக்கியத்தில்தான் நடந்தது என்பேன்.

வாக்கியத்தை உடைத்தல்

பழைய மடலில் வெளியான அறிவிப்பின் நடை ஏறக்குறைய இவ்வாறு இருந்தது: “மத்திய அரசின் தொழிலாளர் நலத் துறை வாயிலாக வழங்கப்பட்டுவரும் பீடித் தொழிலாளர்களின் குழந்தைகளுக்கான கல்வி உதவித்தொகையினைப் பெற விரும்பும் தகுதியுடைய மாணவ, மாணவியர் உரிய ஆவணங்களுடன் குறித்த காலத்திற்குள் இணைய வழியில் விண்ணப்பித்துப் பயனடையுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.” பிழை ஒன்றுமில்லாத வாக்கியம். ஆனால் இதைக் காதால் கேட்பவருக்கு முதல் மூச்சிலேயே துறையின் பெயர் வந்து விழுகிறது. இது தன் பிள்ளைக்கானது என்பது பாதி தாண்டித்தான் தெரிகிறது. என்ன ஆவணம், எந்தக் காலம் என்பது கடைசி வரை தெரிவதே இல்லை.

புதிய மடலில் அதே செய்தி இப்படி வந்தது:

“உங்கள் வீட்டில் பீடி சுற்றுகிறீர்களா? பீடித் தொழிலாளர் அட்டை இருக்கிறதா? அப்படியானால் உங்கள் பிள்ளைக்கு அரசு உதவித்தொகை கிடைக்க வழி உண்டு. 9, 10-ஆம் வகுப்புக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய். 11, 12-ஆம் வகுப்புக்கு 3,000 ரூபாய். பீடி அட்டை, பிள்ளையின் பாஸ்புக், ஆதார், வருமானச் சான்று, போன வருட மார்க் ஷீட் ஆகியவற்றின் ஜெராக்ஸைக் கொடுத்துவிடுங்கள். ஆகஸ்ட் 20, புதன்கிழமைக்குள் வகுப்பு ஆசிரியரிடம் சேர வேண்டும். கம்ப்யூட்டரில் பதிவு செய்வதைப் பள்ளியில் பார்த்துக்கொள்கிறோம்.”

இதில் கவனிக்க வேண்டியவை சில. இணையதளத்தின் கடைசித் தேதி மடலில் எங்கும் இல்லை. பள்ளி தனக்கென்று வைத்துக்கொண்ட தேதி மட்டுமே இருக்கிறது. இணையதளத் தேதி சில ஆண்டுகளில் நீட்டிக்கப்படுகிறது. ஒருமுறை நீட்டித்ததைப் பார்த்தவர்கள் அடுத்த ஆண்டும் நீட்டிப்பார்கள் என்று காத்திருக்கிறார்கள். மேலும் வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் மனுக் கொடுத்து, அது கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று நகர்ந்து கைக்கு வருவதற்கு நாளாகும். ஆகவே சான்று தேவைப்படும் எந்த அறிவிப்பும் அதற்கு முந்தைய மாத மடலிலேயே “வருமானச் சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்” என்று ஒரு வரியாக முன்கூட்டி வந்துவிடும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதும் தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வுக்கும் இதே முறை பின்பற்றப்பட்டது. தேர்ச்சி பெற்றுத் தேர்வாகும் பிள்ளைக்கு 9 முதல் 12-ஆம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும் என்ற தொகையை முதல் வரியிலேயே சொல்லிவிட்டு, பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்தைத் தாண்டக் கூடாது என்பதை இரண்டாம் வரியில் சொன்னோம்.

அச்சுக்குப் போகுமுன் ஒரு சோதனை உண்டு. ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருவரை அழைத்து, மெய்ப்புத் தாளைக் கையில் கொடுத்து உரக்க வாசிக்கச் சொல்வது. நன்றாக வாசிக்கும் பிள்ளையை ஆசிரியர்கள் அனுப்பிவைப்பார்கள். வேண்டாம், நடுத்தரமாக வாசிப்பவரை அனுப்புங்கள் என்று கேட்டு வாங்க வேண்டியிருந்தது. அந்தப் பிள்ளை எங்கே திக்குகிறதோ அங்கே பேனாவால் கோடு போட்டுக்கொண்டு, பிறகு அந்த இடத்தை மாற்றி எழுதுவோம். ‘சமர்ப்பிக்கப்படாதபட்சத்தில்’ என்ற சொல் இந்தச் சோதனையில் விழுந்தது; ‘கொடுக்காவிட்டால்’ என்றானது. தமிழாசிரியருக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. மடலில் நல்ல தமிழும் பழக வேண்டும் என்பது அவர் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. பின்பக்கத்தில் பிள்ளைகள் எழுதும் பகுதி அவர் பொறுப்பில் விடப்பட்டது. முன்பக்கத்தில் ‘மார்க் ஷீட்’, ‘பாஸ்புக்’ என்றே இருக்கட்டும் என்று அவரும் ஒப்புக்கொண்டார்.

ஒரு தாள், இரு பக்கம்

புதிய மடல் ஏ4 தாள் ஒன்று, இரு பக்க அச்சு, கறுப்பு மை மட்டும். காரணம் பெரும்பாலும் பணம். அரசுப் பள்ளிக்கு வரும் ஒருங்கிணைந்த பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது; 251 முதல் 1,000 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 75,000 ரூபாய் என்பது வரையறை. சிறு பழுதுபார்ப்பு, தூய்மைப் பணி, எழுதுபொருள் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். வண்ண அச்சுக்கு அங்கே இடமில்லை. பிள்ளைக்கு ஒன்று என்று இல்லாமல் வீட்டுக்கு ஒன்று என்று படிகளைக் குறைத்ததும், அந்தப் படியை வீட்டின் இளைய பிள்ளையிடம் கொடுத்தனுப்பியதும் சிக்கனத்துக்காகச் செய்தவையே. ஆனால் இரண்டாவது முடிவு எதிர்பாராத நன்மையைத் தந்தது: ஆறு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் தாளை உண்மையிலேயே வீட்டில் சேர்க்கிறார்கள்.

தாள் வெளிர் மஞ்சள். புத்தகப் பையில் இருந்து எடுக்கும்போதே தெரிய வேண்டும் என்பதைத் தவிர அந்த நிறத்துக்கு வேறு பொருள் இல்லை. மடலுக்கு ஓர் அழகான பெயர் சூட்டப்பட்டது. வீடுகளில் அது ‘மஞ்சத் தாளு’ என்றே வழங்குகிறது.

முன்பக்கத்தின் மேற்பகுதியில் ‘இந்த மாதம் செய்ய வேண்டியவை’ என்ற தலைப்பு. அதன் கீழ் அதிகம் போனால் மூன்று செய்திகள். நான்காவது ஒன்று வந்தால், ஏதேனும் ஒன்று அடுத்த மாதத்துக்குப் போக வேண்டும். இந்தக் கட்டுப்பாட்டைக் காப்பதுதான் மாதந்தோறும் நடக்கும் சண்டை. அடுத்து, தேர்வும் விடுமுறையும் கிழமையோடு குறிக்கப்பட்ட ஒரு தேதிப் பட்டி. அடியில் கிழித்துத் தரும் சீட்டு. பின்பக்கத்தில் பிள்ளைகளின் எழுத்தும் ஓவியமும், பள்ளியில் நடந்தவை பற்றிச் சுருக்கமாகச் சில வரிகளும், எல்லா இதழிலும் அதே இடத்தில் ஒரு கட்டமும். அந்தக் கட்டத்தில் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417-உம் குழந்தைகள் உதவி எண் 1098-உம் இருக்கும். முன்பக்கச் சீட்டைக் கிழித்தால் பின்பக்கத்தில் அதே பகுதி போய்விடும் என்பதால் அந்த இடத்தை வெறுமையாக விடுகிறோம். சொன்னால் சின்ன விஷயம். ஆனால் பிள்ளை எழுதிய கவிதையின் கடைசி இரண்டு வரி சீட்டோடு போய்விட்டால் அந்த வீட்டில் அது சின்ன விஷயமாக இருக்காது.

எழுத்து விஷயத்தில், பழைய மடல் பாமினி முறை எழுத்துருவில் கோக்கப்பட்டது. அச்சில் குறையில்லை, ஆனால் அதே வாசகத்தை வாட்ஸ்அப்பில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளின் குவியலாகத்தான் தெரியும். இப்போது எல்லாம் யுனிகோடில், முக்தா மலர் எழுத்துருவில், 13 புள்ளி அளவில் இருக்கிறது. வரி இடைவெளி எழுத்தளவைப்போல் ஒன்றரை மடங்கு. தமிழில் ‘கீ’, ‘மீ’ மேலே சுழிகின்றன. ‘நூ’, ‘ணூ’ கீழே இறங்குகின்றன. ஆங்கிலப் பக்கத்துக்குப் போதுமான இடைவெளி தமிழ்ப் பக்கத்தில் மேல்வரியும் கீழ்வரியும் முட்டிக்கொள்ளச் செய்யும்; விரல் வைத்து வாசிக்கும் பிள்ளைக்கு வரி தப்பிவிடும்.

பத்தி அகலத்திலும் இதே கணக்குத்தான். தாளின் முழு அகலத்துக்கும் ஒரே பத்தியாக விட்டால் வரி நீண்டு, அடுத்த வரியின் தொடக்கத்தைத் தேட வேண்டியிருக்கும். செய்தித்தாளைப்போல் மூன்று பத்தியாகப் பிரித்து இருபுறமும் நேர்செய்தால், ‘மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு’ போன்ற நீளச் சொற்களால் சொற்களுக்கு நடுவே பெரிய பெரிய வெள்ளை இடைவெளி விழும். எண்பத்தைந்து மில்லிமீட்டர் அளவில் இரண்டு பத்தி, இடப்பக்கம் மட்டும் நேர் என்பதில் நின்றோம். வலப்பக்கம் ஏற்ற இறக்கமாக இருப்பது பாதியில் விட்ட வேலைபோல் இருக்கிறது என்று ஆசிரியர்கள் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். தேதிகளில் இன்னொரு கவனம் உண்டு: ‘ஆகஸ்ட்’ ஒரு வரியின் கடைசியிலும் ‘20’ அடுத்த வரியின் தொடக்கத்திலும் விழாதபடி, இரண்டுக்கும் நடுவில் பிரியாத இடைவெளியை இட வேண்டும். இல்லாவிட்டால் உரக்க வாசிக்கும் பிள்ளை ஆகஸ்டில் நிறுத்தி மூச்சு விடுகிறது. எண் தனியே தொங்குகிறது.

படங்கள், பெயர்கள், மதிப்பெண்கள்

மடல் அச்சாகும் ரிசோ என்ற நகல் அச்சு இயந்திரத்தில் புகைப்படம் கரிப்பிடித்துப் போகும். மேடையில் வரிசையாக நிற்கும் பத்துப் பேர் பத்துக் கறுப்புப் பொட்டுகளாகத்தான் வருவார்கள். எனவே புகைப்படத்தை விலக்கிவிட்டு, வெள்ளைத் தாளில் கறுப்புப் பேனாவால் பிள்ளைகள் வரையும் கோட்டோவியங்களை மட்டும் சேர்க்கிறோம். பென்சில் ஓவியம் அச்சில் ஏறாது என்பதை வகுப்பில் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். முகப்படம் இல்லாததால் வேறொரு தொல்லையும் தீர்ந்தது. 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் குறைந்தவர்களின் தரவுகளைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. சட்டம் சொல்லும் முன்பே, வாட்ஸ்அப்பில் எங்கெங்கோ சுற்றும் என்பதால் மகளின் படம் வேண்டாம் என்று பல வீடுகளில் சொல்லியிருந்தார்கள்.

மதிப்பெண் பட்டியலை நீக்கியதற்கு எதிர்ப்பு வந்தது. பொதுத்தேர்வில் மாநில அளவிலான முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தை 2017-இலேயே தமிழ்நாடு அரசு கைவிட்டது. அதைப் பள்ளி தன் மடலில் வேறு உருவில் தொடர்வது பொருந்தாது என்று தலைமையாசிரியரே வாதிட்டு முடித்துவைத்தார். கொடையாளர் படங்களுக்கு அவ்வளவு எளிதில் முடிவு கிடைக்கவில்லை. ஆண்டு இறுதியில் கொடையாளர்களுக்கும் முன்னாள் மாணவர்களுக்கும் வண்ணத்தில் தனி அறிக்கை ஒன்று, அதன் செலவை முன்னாள் மாணவர்களே ஏற்பது என்று ஓர் ஏற்பாடு செய்யப்பட்டது. என் பார்வையில் இந்தப் பிரிவினைதான் மடலைக் காப்பாற்றியது. நன்றி சொல்வதும் தகவல் சொல்வதும் ஒரே தாளில் இருந்தவரை, நன்றி எப்போதும் முதல் பக்கத்துக்கு வந்துவிடும்.

வெளியூரில் இருக்கும் தந்தையருக்கு

வகுப்பு வாட்ஸ்அப் குழுக்களில் தந்தையரின் எண்களே அதிகம். முதலில் பிடிஎஃப் கோப்பாக அனுப்பினோம். திறந்து பார்க்கும் பழக்கம் இல்லை. தாளைப் படமாக அனுப்பினால் எழுத்து எறும்பாகத் தெரிகிறது. இப்போது முன்பக்கத்தின் மூன்று செய்திகளும் மூன்று தனிப் படங்களாக, 1080-க்கு 1350 பிக்சல் அளவில், நெடுவாக்கில் தயாராகின்றன. ஒவ்வொரு படத்தின் தலைப்பிலும் மாதமும் ஆண்டும் பெரிய எழுத்தில் இருக்கும். வாட்ஸ்அப்பில் ஒரு அறிவிப்பு சாவதே இல்லை. போன ஆண்டின் படம் இந்த ஆண்டு வேறொரு குழுவிலிருந்து திரும்பி வந்து, தேதி முடிந்துவிட்டதோ என்று ஒரு தந்தை எர்ணாகுளத்திலிருந்து பதறிக்கொண்டு கூப்பிடும்படி ஆகும். பிள்ளைகள் வாசிக்கும் ஒலிப்பதிவையும் சேர்த்து அனுப்பிப் பார்த்தார்கள். கேட்டவர்கள் பாராட்டினார்கள், ஆனால் பதிவு செய்ய அமைதியான அறையும் ஓய்வான ஆசிரியரும் ஒரே நேரத்தில் கிடைக்காததால் அது நின்றுபோனது.

கிழித்துத் தரும் சீட்டு

முதலில் சீட்டில் ‘மடலைப் படித்தேன்’ என்று எழுதிப் பெற்றோர் கையொப்பமிட இடம் விட்டிருந்தது. கையொப்பங்கள் ஏராளமாக வந்தன. அவற்றில் கணிசமானவை பிள்ளையின் கையெழுத்திலேயே இருந்தன. இதனால் எதையும் அறிய முடியாது என்று உணர்ந்து, சீட்டில் ஒரே ஒரு கேள்வியை வைத்தோம். பெற்றோர் தேர்ந்தெடுத்துச் சொன்னால் மட்டுமே நிரம்பும் கேள்வி. அடுத்த கூட்டம் காலை 10 மணிக்கா, மாலை 5 மணிக்கா? வட்டமிடுங்கள்.

திரும்பி வந்த சீட்டுகளில் பெரும்பாலானவை காலையையும் மாலையையும் அடித்துவிட்டு மதியம் என்று எழுதியிருந்தன. காலையில் தண்ணீர் பிடிப்பதும் சமையலும். மாலையில் சுற்றிய பீடியைக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்து, மறுநாளுக்கு இலையும் தூளும் வாங்கிவர வேண்டும். அந்த நேரத்தில் பள்ளியில் கூட்டம் வைத்தால் யார் வருவார்கள்? பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று அதுவரை ஆசிரியர் அறையில் பேசப்பட்டுவந்த விஷயத்துக்கு இப்படி ஒரு சாதாரண விளக்கம் இருந்தது. கூட்டம் மதியம் 2 மணிக்கு மாற்றப்பட்டது. வருகை கூடியதை எல்லோரும் கண்ணாலேயே பார்த்தோம். உதவித்தொகைக்கான ஆவணங்களும் இந்த முறை பள்ளி வைத்த தேதிக்கு முன்பே வகுப்பு ஆசிரியர்களின் மேசைக்கு வரத் தொடங்கின. இதற்கு மடல் மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். பதிவு வேலையைப் பள்ளியே ஏற்றுக்கொண்டதற்கும், வகுப்பு ஆசிரியர்கள் விடாமல் கேட்டுக்கொண்டிருந்ததற்கும் பெரும் பங்கு உண்டு. ஆனால் என்னென்ன ஜெராக்ஸ் வேண்டும் என்று இரண்டாவது முறையாகக் கேட்டு வந்தவர்கள் மிகக் குறைவு.

மடல் எட்டாத வீடுகள்

கடைசிப் பிள்ளை 11 அல்லது 12-ஆம் வகுப்பில் இருக்கும் வீடுகளில் மடல் இன்னும் சரியாகச் சேரவில்லை. அந்த வயதுப் பையன்கள் மஞ்சள் தாளைச் சின்னப் பிள்ளைகளின் விவகாரமாக நினைக்கிறார்கள். பையிலேயே மடிந்து கிடக்கிறது. உயர்கல்விக்குச் செல்லும் அரசுப் பள்ளி மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம், மாணவருக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம், மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காட்டு உள் ஒதுக்கீடு ஆகிய மூன்றும் அந்த வீடுகளுக்குத்தான் முதலில் தெரிய வேண்டியவை. பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தனியாக, பெற்றோருக்கு என்று இல்லாமல் அவர்களையே நேரடியாக விளித்து எழுதும் ஒரு தாளை அடுத்த கல்வியாண்டிலிருந்து தரலாம் என்று குழு முடிவெடுத்திருக்கிறது. அதை எழுதும் பொறுப்பை அந்த வகுப்புப் பிள்ளைகளிடமே கொடுப்பதா, ஆசிரியரிடம் கொடுப்பதா என்பதில் இன்னும் பேச்சு முடியவில்லை. தாளின் நிறம் மஞ்சளாக இருக்கக் கூடாது என்பதில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள்.